திராஸ் குளிரில் காலையில் ஸ்டார்ட் ஆகாத டீசல் என்ஜின்கள்: அனுபவம் உள்ளவர்களின் ஆலோசனை தேவை

கேள்வி: மலைப்பணிமனை

அனைவருக்கும் வணக்கம். நான் திருச்செங்கோட்டுப் பக்கத்தைச் சேர்ந்தவன். 14 ஆண்டுகள் போர்வெல் வண்டிகளிலும் கம்ப்ரஸர்களிலும் மெக்கானிக்காக இருந்துவிட்டு, கடந்த ஆகஸ்டு முதல் லடாக்கில், கார்கிலுக்கும் திராஸுக்கும் இடையில் உள்ள ஒரு சாலைப் பணித்தளத்தில் வண்டிகளையும் இயந்திரங்களையும் பராமரிக்கும் பொறுப்பில் இருக்கிறேன். டீசல் என்ஜின் எனக்குப் புதிதல்ல. ஆனால் இந்தக் குளிர் எனக்கு முற்றிலும் புதிது. டிசம்பர் மூன்றாம் வாரத்திலிருந்து இரவில் மைனஸ் 20 முதல் மைனஸ் 24 டிகிரி வரை இறங்குகிறது.

எங்களிடம் பி.எஸ். 6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிக்கு ஏற்ற) டிப்பர்கள் இரண்டு, ஒரு பொக்லைன், பழைய இன்லைன் வகை டீசல் பம்பு உள்ள ஒரு 125 கே.வி.ஏ. ஜெனரேட்டர் ஆகியவை இருக்கின்றன. டிப்பர்களில் காலையில் செல்ஃப் அடித்தால் என்ஜின் மிக மெதுவாகச் சுற்றுகிறது, சைலன்ஸரில் வெள்ளைப் புகை அடர்த்தியாக வருகிறது, ஆனால் பிடிப்பதில்லை. வெயில் நன்றாக ஏறிய பிறகு, 11 மணி வாக்கில்தான் ஸ்டார்ட் ஆகின்றன. ஜெனரேட்டரின் நிலை வேறு. அதன் செல்ஃப் ஓரளவு நன்றாகவே சுற்றுகிறது, ஆனால் புகையே வருவதில்லை. இரண்டு நாட்களுக்கு முன் மாலையில் ஓடிக்கொண்டிருந்தபோதே தடுமாறி நின்றுவிட்டது. அதன் பிறகு எடுக்கவே இல்லை.

ஓட்டுநர்கள் இரும்புச் சட்டியில் டீசலில் நனைத்த துணியைக் கொளுத்தி, என்ஜினின் கீழே உள்ள ஆயில் தொட்டியான சம்புக்கு அடியில் வைக்கலாம் என்கிறார்கள். ஒருவர் டீசலில் மூன்றில் ஒரு பங்கு மண்ணெண்ணெய் ஊற்றச் சொல்கிறார். இன்னொருவர் ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஈதர் ஸ்பிரே அடித்தால் உடனே பிடிக்கும் என்கிறார். பேட்டரிகள் வாங்கி ஓராண்டுதான் ஆகிறது. இவற்றில் எதைச் செய்வது, எதைச் செய்யக்கூடாது என்பதை இந்தக் குளிரில் வேலை செய்தவர்கள் சொன்னால் மிகவும் உதவியாக இருக்கும்.

பதில் 1: ஓய்வுபெற்ற இ.எம்.இ.

வணக்கம் தம்பி. ராணுவத்தின் இ.எம்.இ. (மின், இயந்திரப் பொறியியல்) பிரிவில் வாகன மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன் நான். லே பகுதியில் இரண்டு முறையும் கார்கில் பகுதியில் ஒரு முறையும் குளிர்காலம் முழுவதும் பணியாற்றியிருக்கிறேன். உங்கள் கேள்வியில் நீங்கள் புகையைக் கவனித்து எழுதியிருப்பதைப் பார்த்ததும் மகிழ்ச்சியடைந்தேன்; ஏனென்றால் பாதி விடை அதிலேயே இருக்கிறது.

செல்ஃப் சுற்றும்போது வெள்ளைப் புகை வந்தால், டீசல் சிலிண்டருக்குள் போய்ச் சேருகிறது, ஆனால் எரியவில்லை என்று பொருள். அங்கே குறை சூட்டிலும் சுற்றும் வேகத்திலும் இருக்கிறது. புகையே இல்லை என்றால் டீசல் சிலிண்டர் வரை வரவே இல்லை. ஆகவே உங்கள் டிப்பருக்கும் ஜெனரேட்டருக்கும் வந்திருப்பது ஒரே நோய் அல்ல, மருந்தும் ஒன்றாக இருக்க முடியாது. டிப்பரைப் பற்றி என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் இங்கே இருக்கிறார்கள். நான் முதலில் ஜெனரேட்டரைப் பற்றிச் சொல்கிறேன்.

அதற்கு ஊற்றிய டீசல் எங்கிருந்து வந்தது? கீழே சமவெளியிலிருந்து டேங்கரிலோ பீப்பாயிலோ வந்ததாக இருந்தால், ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள், உள்ளே வெண்ணிறமாக மெழுகு படிந்திருக்கும். டீசலில் இயல்பாகவே பாரஃபின் மெழுகு கரைந்திருக்கிறது. குளிர் ஏறும்போது முதலில் மெழுகு பொடியாகத் திரண்டு டீசல் கலங்கும், பிறகு அந்தப் பொடி ஃபில்டரை அடைக்கும், அதற்கும் கீழே போனால் டீசலே உறைந்து ஓடாமல் நிற்கும். என்ஜின் நிற்பது பெரும்பாலும் இரண்டாவது கட்டத்தில்தான். டேங்கில் டீசல் இன்னும் ஓடும் நிலையில் இருப்பதைப் பார்த்து, டீசலில் குறையில்லை என்று பலர் ஏமாந்துபோவது இதனால்தான். இந்தியத் தர விதியின்படி சாதாரண டீசல் குளிர்கால மாதங்களில் பிளஸ் 6 டிகிரி வரை ஃபில்டரில் தடையின்றி ஓடினால் போதும், கோடையில் பிளஸ் 18 வரை ஓடினால் போதும். மைனஸ் 20 டிகிரிக்கு அந்த டீசல் எந்த உறுதியும் தருவதில்லை.

லடாக்கிற்கென்றே இந்தியன் ஆயில் நிறுவனம் 2019 நவம்பரில் குளிர்கால டீசலை வெளியிட்டது. பானிபட் சுத்திகரிப்பு ஆலையில் தயாராகும் அந்த டீசல் மைனஸ் 33 டிகிரி வரை ஓடும் தன்மையை இழப்பதில்லை. நீங்கள் அதைத்தான் வாங்க வேண்டும். ஆனால் டேங்கில் பாதி பழைய டீசல் இருக்கும்போது மேலே புதியதை ஊற்றினால் கலவையின் தன்மைதான் கிடைக்கும் என்பதால், அக்டோபர் மாதத்திலேயே பழையதைத் தீர்த்துவிட்டு மாற வேண்டும். இப்போது மாறுவதானால் டேங்கை வடித்துவிட்டு ஊற்றுங்கள். வடித்ததை வீணாக்காமல் சேர்த்துவைத்தால் கோடையில் பயன்படும்.

சம்புக்கு அடியில் தீ வைப்பதைப் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். பணியில் சேர்ந்த புதிதில் நானும் அதைச் செய்திருக்கிறேன். அன்றைய வண்டிகளில் டீசல் குழாய் செம்பு, டேங்க் இரும்பு, மின்கம்பிகளும் விரல்விட்டு எண்ணும் அளவுதான். உங்கள் பி.எஸ். 6 டிப்பரில் ஏர் குழாய், டீசல் குழாய், யூரியாக் கரைசல் குழாய், சென்சார் கம்பி என அடிப்பக்கம் முழுவதும் பிளாஸ்டிக் ஓடுகிறது. அவற்றில் ஒன்று உருகினாலும் குளிர்காலம் முடியும்வரை உதிரிப்பாகம் வந்து சேராது. தீ வண்டியைப் பிடித்தால் அணைப்பதற்கு அங்கே தண்ணீரும் உறைந்திருக்கும். தயவுசெய்து யாரையும் செய்ய விடாதீர்கள்.

பதில் 2: எட்மன்டன் வாசி

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து, கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் கனரக இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் வேலையில் 19 ஆண்டுகளாக இருக்கிறேன். இங்கே வடக்கே ஃபோர்ட் மக்மரி பக்கம் ஜனவரியில் மைனஸ் 40 வரை இறங்கும் நாட்கள் உண்டு. ஐயா ஜெனரேட்டரைப் பற்றிச் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். டிப்பரைப் பற்றி நான் எழுதுகிறேன்.

டீசல் என்ஜினில் தீப்பொறி தரும் பிளக் கிடையாது, அழுத்தப்படும் காற்றின் சூட்டில்தான் டீசல் பற்ற வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தச் சூடு எவ்வளவு என்று ஒருமுறை கணக்கிட்டுப் பார்த்தால், குளிர் எங்கே அடிக்கிறது என்பது விளங்கும். அழுத்த விகிதம் 17, அதாவது காற்று பதினேழில் ஒரு பங்காகச் சுருங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். திருச்செங்கோட்டில் 30 டிகிரிக் காற்று, செல்ஃப் நல்ல வேகத்தில் சுற்றினால், அழுத்தத்தின் முடிவில் ஏறத்தாழ 540 டிகிரியைத் தொடும். காற்று மைனஸ் 30 ஆக இருந்து, செல்ஃப் அதே வேகத்தில் சுற்றினால் ஏறத்தாழ 380 டிகிரி கிடைக்கும். அதுகூடப் பற்றுவதற்குப் போதுமானது. ஆனால் செல்ஃப் தள்ளாடிச் சுற்றினால் காற்று அழுத்தப்படும் நேரம் நீண்டு, அதன் சூட்டைக் குளிர்ந்த சிலிண்டர் சுவர் உறிஞ்சிக்கொள்கிறது, காற்றும் பிஸ்டன் ரிங் வழியாகக் கசிகிறது. அப்போது 220 டிகிரி அளவில் வந்து நின்றுவிடும். டீசல் தானாகப் பற்றும் சூடு சுமார் 210 டிகிரி என்பதால், இது விளிம்பில் நிற்கும் நிலை. அதாவது குளிர்ந்த காற்று மட்டும் உங்கள் டிப்பரை நிறுத்தவில்லை. குளிர்ந்த காற்றும் மெதுவான சுற்றும் சேர்ந்துதான் நிறுத்துகின்றன. காற்றை நீங்கள் மாற்ற முடியாது, சுற்றும் வேகத்தை மாற்ற முடியும். திராஸ் சுமார் 3,300 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்றழுத்தமும் கடல்மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குதான். அது டீசல் பற்றுவதை இன்னும் தாமதப்படுத்தும்.

சுற்றும் வேகத்தைக் கெடுப்பவை பேட்டரியும் ஆயிலும். முழுச் சார்ஜில் இருக்கும் ஈய பேட்டரி மைனஸ் 18 டிகிரியில், வெப்பமான நாளில் தரும் திறனில் பாதியைக்கூடத் தருவதில்லை. அதே நேரத்தில் என்ஜினைச் சுற்றுவதற்குத் தேவையான திறன் இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிடுகிறது. ஓராண்டுப் பேட்டரி என்பதால் நல்ல பேட்டரி என்று கருத வேண்டாம். ஹைட்ரோமீட்டரை எடுத்து ஒவ்வொரு செல்லிலும் உள்ள திரவத்தின் அடர்த்தியைப் பாருங்கள். 1.265 இருந்தால் அதன் திரவம் மைனஸ் 50 டிகிரியிலும் உறையாது, 1.150 ஆகக் குறைந்திருந்தால் மைனஸ் 15 டிகிரியிலேயே உறைந்துவிடும். உறைந்த பேட்டரியில் சார்ஜரையோ ஜம்ப் கேபிளையோ ஒருபோதும் மாட்டாதீர்கள், வெடிக்கக்கூடும். இரவில் பேட்டரிகளைக் கழற்றிச் சூடான அறைக்குள் வைத்துக் காலையில் மாட்டுவது சிரமமான வேலைதான், ஆனால் செலவில்லாமல் கிடைக்கும் உதவிகளில் அதற்கு இணையானது இல்லை.

ஆயிலில் என்ன ஊற்றியிருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. இந்திய வண்டி என்றால் 15டபிள்யூ-40 (ஆயிலின் தடிமனைக் குறிக்கும் தரம்) ஆக இருக்கும் என்று நினைக்கிறேன். 15டபிள்யூ ஆயிலின் சுற்றும் தன்மையைத் தரவிதி சோதிப்பது மைனஸ் 20 டிகிரியில். பம்பு அதை இழுக்குமா என்று சோதிப்பது மைனஸ் 25 டிகிரியில். நீங்கள் அந்த எல்லையின் மேலேயே நிற்கிறீர்கள். 5டபிள்யூ-40 செயற்கை ஆயிலுக்கு இந்த எல்லைகள் மைனஸ் 30, மைனஸ் 35. உங்கள் என்ஜின் கையேடு அனுமதிக்கும் தரத்தில் அதை வாங்குங்கள். செல்ஃப் அடிக்கும்போது கிளட்சை முழுவதும் மிதித்துக்கொள்ள ஓட்டுநர்களிடம் சொல்லுங்கள். இல்லாவிட்டால் கியர்பாக்ஸில் தேன்போல இறுகிய ஆயிலையும் செல்ஃபே சேர்த்துச் சுற்ற வேண்டியிருக்கும். தொடர்ந்து அடிக்காமல், 10 அல்லது 15 விநாடி அடித்துவிட்டு இரண்டு நிமிடம் விடுங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் மேலானது பிளாக் ஹீட்டர். இங்கே வாகன நிறுத்துமிடங்களிலேயே அதற்கான மின்கம்பங்கள் இருக்கும். மாலையில் வண்டியை நிறுத்தி ஒயரைச் சொருகிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவோம். கூலண்டுக்குள் இருக்கும் 1,000 அல்லது 1,500 வாட் ஹீட்டர் என்ஜினையே சூடாக்குவதால், மேலே சொன்ன எல்லாச் சிக்கல்களும் ஒன்றாகக் குறைகின்றன. ஒரு டன் எடையுள்ள என்ஜினையும் அதன் கூலண்டையும் 40 டிகிரி உயர்த்த 1,500 வாட் ஹீட்டருக்கு, வெளியே சூடு போகாமல் போர்த்தியிருந்தாலும், நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆகவே காலை ஆறு மணிக்கு வண்டி வேண்டுமானால் அதிகாலை ஒரு மணிக்காவது போட வேண்டும்.

ஈதரைப் பற்றி ஒரு வார்த்தை. அது டீசலைவிடக் குறைந்த சூட்டில் தானாகப் பற்றும். அதனால்தான் உடனே பிடிக்கிறது. பிஸ்டன் மேலே வந்து சேர்வதற்கு முன்பே வெடிப்பதும் அதனால்தான். ரிங் உடைந்த என்ஜினை நானே பிரித்திருக்கிறேன். உங்கள் டிப்பரில் காற்று உள்ளே போகும் வழியில் ஹீட்டரோ, சிலிண்டருக்குள் சூடேற்றும் கிளோ பிளக்கோ இருந்தால், பழுத்திருக்கும் அந்தக் கம்பியில் ஈதர் பட்டவுடன் இன்டேக் குழாயே வெடிக்கக்கூடும்; முன்னால் நிற்பவரின் முகத்தில்தான் அது முடியும். சில பெரிய என்ஜின்களில் தயாரிப்பாளரே அளந்து செலுத்தும் ஈதர் கருவியை வைத்திருப்பார். கையில் டப்பாவை வைத்துக்கொண்டு அடிப்பது அதற்கு ஈடாகாது.

பதில் 3: கோவை பம்பு நாசில்

கோயம்புத்தூரில் டீசல் பம்பு, நாசில் வேலை செய்கிறேன். திராஸ் குளிரை நான் பார்த்ததில்லை. மண்ணெண்ணெயைப் பற்றியும் ஃபில்டரைப் பற்றியும் மட்டும் சொல்கிறேன்.

மண்ணெண்ணெய் கலந்தால் டீசல் ஃபில்டரில் அடைக்கும் வெப்பநிலை கொஞ்சம் இறங்கும் என்பது உண்மை. ஆனால் மண்ணெண்ணெயில் வழுவழுப்புக் குறைவு. பழைய இன்லைன் பம்பின் கேம் ஷாஃப்ட் என்ஜின் ஆயிலில் ஓடுவதால் அது ஓரளவு தாங்கியது. அக்காலத்தில் கலந்து ஓட்டியவர்கள் ஒன்றும் ஆகவில்லை என்று சொல்வதற்குக் காரணம் அதுதான். உங்கள் டிப்பரில் இருப்பதுபோன்ற புதிய காமன் ரெயில் பம்பில் 1,600 பாருக்கு மேல் அழுத்தம் ஏற்றும் பாகங்களுக்கு டீசலைத் தவிர வேறு ஆயில் கிடையாது. அந்த டீசலின் வழுவழுப்பைக் குறைத்தால் பம்பு தேய்ந்து, தேய்ந்த பொடி ரெயில், இன்ஜெக்டர் என எல்லா இடத்துக்கும் போகும். பிறகு மொத்தத்தையும் மாற்ற வேண்டியிருக்கும். பி.எஸ். 6 டீசலில் கந்தகம் 10 பி.பி.எம். அளவுக்குள் இருக்க வேண்டும். மண்ணெண்ணெயில் அது பல மடங்கு இருக்கலாம் என்பதால் சைலன்ஸரில் உள்ள கேட்டலிஸ்டும் கெடும். டிப்பரில் ஒரு சொட்டும் வேண்டாம்.

மெழுகு கரைவதற்கென்று விற்கும் கலவைகளில் பெரும்பாலானவற்றை டீசல் கலங்குவதற்கு முன்பே, சூடாக இருக்கும்போதே ஊற்ற வேண்டும். அவை மெழுகுப் பொடி பெரிதாக வளர்வதைத் தடுக்குமே தவிர, ஏற்கெனவே திரண்ட மெழுகைக் கரைக்காது.

ஃபில்டர் மாற்றும்போது செய்யும் ஒரு தவறையும் சொல்லிவிடுகிறேன். அவசரத்தில் புது ஃபில்டரின் நடுத் துளை வழியாக டீசலை ஊற்றி மாட்டுகிறார்கள். நடுத் துளை என்பது வடிகட்டிய டீசல் வெளியே போகும் வழி. அதில் ஊற்றும் தூசு நேராகப் பம்புக்குத்தான் போகும். காலியாகவே மாட்டி, ஹேண்ட் பிரைமர் என்ற கைப்பம்பை அடித்து, உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றுங்கள். மாற்று ஃபில்டர்களைச் சூடான அறையில் வைத்திருங்கள். தினமும் மாலையில் என்ஜின் சூடாக இருக்கும்போதே வாட்டர் செப்பரேட்டரைத் திறந்து தண்ணீரை வடித்துவிடுங்கள். மெழுகு என்று நினைத்துக் கழற்றினால் பல நேரங்களில் உள்ளே இருப்பது வெறும் பனிக்கட்டியாகவும் இருக்கும்.

கேட்டவரின் தொடர்ச்சி: மலைப்பணிமனை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஜெனரேட்டர் ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தேன். ஐயா சொன்னதுபோலவே வனஸ்பதி படிந்ததுபோல இருந்தது. டீசல் சமவெளியிலிருந்து பீப்பாயில் வந்ததுதான். டிப்பரில் இருப்பது 15டபிள்யூ-40. ஒரு டிப்பரின் இரண்டு பேட்டரிகளில் ஒன்று 1.170 காட்டுகிறது. ஒரு சந்தேகம்: எங்கள் தளத்தில் இரவில் மின்சாரம் அந்த ஜெனரேட்டரிலிருந்துதான் வர வேண்டும். அப்படியிருக்க, பிளாக் ஹீட்டரை எதில் ஓட்டுவது?

பதில் 4: எட்மன்டன் வாசி

தொலைவில் உள்ள எண்ணெய்க் கிணறுகளில் எங்களுக்கும் இதே நிலை உண்டு. ஒரு சிறிய 5 கே.வி.ஏ. ஜெனரேட்டரைத் தனியாகச் சூடு காக்கும் ஒரு கொட்டகையில் வையுங்கள். அதன் புகைபோக்கி கட்டாயம் கொட்டகைக்கு வெளியே இருக்க வேண்டும், ஆட்கள் உறங்கும் அறைக்கு அருகிலும் இருக்கக்கூடாது. அதிலிருந்து பெரிய ஜெனரேட்டருக்கு 1,500 வாட், டிப்பர்களுக்குத் தலா 1,000 வாட் கொடுக்கலாம். சிறிய என்ஜினைக் கையால் சுற்றியும் எடுத்துவிட முடியும் என்பதே இதன் பயன். மின்சாரமே வேண்டாம் என்றால், டீசலை எரித்துக் கூலண்டைச் சூடாக்கிச் சுற்றவிடும் ஹீட்டர்கள் கிடைக்கின்றன. விலை அதிகம், ஆனால் பொக்லைன்போல நிறுத்திய இடத்திலேயே நிற்கும் இயந்திரத்துக்கு அதுவே பொருந்தும்.

கூலண்டையும் சரிபாருங்கள். எத்திலீன் கிளைக்காலும் தண்ணீரும் பாதிக்குப் பாதி இருந்தால் சுமார் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. அதிகம் ஊற்றினால் இன்னும் நல்லது என்று எண்ணிக் கலக்காமலே ஊற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன். தனிக் கிளைக்கால் மைனஸ் 13 டிகிரியிலேயே உறைந்துவிடும்.

பதில் 5: ஓய்வுபெற்ற இ.எம்.இ.

தம்பி, 1.170 காட்டும் பேட்டரியை இன்றே கழற்றிவிடுங்கள். 24 வோல்ட் வண்டியில் இரண்டும் வரிசையாக இணைந்திருப்பதால், கெட்டது நல்லதையும் இழுத்துக்கொண்டு போகும். மாற்றும்போது இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

மாலையில் செய்யவேண்டியவை: டேங்கை நிரப்புங்கள், காலி இடத்தில்தான் ஈரம் படிந்து தண்ணீராகும். ஏர் டேங்குகளின் வால்வைத் திறந்து தண்ணீரை வடியுங்கள், இல்லாவிட்டால் என்ஜின் எடுத்தாலும் பிரேக் விடாது. வண்டியின் முகத்தைக் காற்றடிக்காத பக்கம் திருப்பி நிறுத்தி, பானட் மேல் கம்பளமும் தார்ப்பாயும் போர்த்துங்கள். ஹேண்ட் பிரேக்கைப் போட்டே வைத்தால் லைனிங் டிரம்மோடு ஒட்டி உறையும். சமதளமாக இருந்தால் சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டு பிரேக்கை விடுவித்து நிறுத்துங்கள்.

கேட்டவரின் தொடர்ச்சி: மலைப்பணிமனை

பதினோரு நாட்களுக்குப் பிறகு எழுதுகிறேன். ஜெனரேட்டர் டேங்கை வடித்து, குளிர்கால டீசல் ஊற்றி, இரண்டு ஃபில்டர்களையும் மாற்றினோம். அன்றிலிருந்து ஒருநாளும் நின்றதில்லை. டிப்பர்களில் 5டபிள்யூ-40 ஆயில் மாற்றி, ஒன்றுக்குப் பேட்டரி ஜோடியையும் மாற்றினேன். சிறிய ஜெனரேட்டர் ஒன்றை வாடகைக்கு எடுத்து, இரவு ஒரு மணிக்கு எழுந்து ஹீட்டர் போட ஒருவரை அமர்த்தியிருக்கிறோம். நேற்றுக் காலை மைனஸ் 23. இரண்டு டிப்பர்களும் முதல் செல்ஃபிலேயே எடுத்தன. ஹீட்டர் போட மறந்த ஒருநாள் மட்டும் மூன்றாவது முறைதான் பிடித்தது, ஆனாலும் பிடித்தது. பொக்லைன் எடுக்கிறது, ஆனால் கை அசைய மறுக்கிறது. லீவரை இழுத்தால் பம்பு கதறுகிறது.

பதில் 6: எட்மன்டன் வாசி

ஹைட்ராலிக் ஆயில் இறுகியிருக்கிறது, பம்பு அதை இழுக்க முடியாமல்தான் கதறுகிறது. அந்த ஒலி கேட்கும்போது லீவரை இழுக்கவே கூடாது. ஸ்டார்ட் ஆனதும் 1,000 சுற்றுக்கு அருகில் வைத்து, லீவரைத் தொடாமல் 15 நிமிடம் விடுங்கள். பிறகு பக்கெட் சிலிண்டரை மட்டும் முழு நீளத்துக்குப் போகாமல் மெதுவாக முன்னும் பின்னும் ஓட்டுங்கள், அடுத்து ஆர்ம், அதன் பிறகு பூம். டிராவல் மோட்டார்களைக் கடைசியாக அசையுங்கள். இரவில் செயினைச் சேற்றில் நிறுத்தாமல் பலகை மேல் ஏற்றி நிறுத்தினால், காலையில் தரையோடு உறைந்து ஒட்டியிருக்காது. அடுத்த சர்வீஸில் ஹைட்ராலிக் ஆயிலையும் குளிர்ப்பகுதித் தரத்துக்கு மாற்றிவிடுங்கள். மைனஸ் 23 டிகிரியில் தினமும் இப்படி ஓடினால் அந்தப் பம்பு அதிக நாள் தாங்காது.